சிவப்பு வட்டமிட்ட தேதி

ஜமுனாமரத்தூர்,
பதினாறாம் தேதி, மாலை.

அன்புள்ள கல்பனாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். மாமா அறுவைச் சிகிச்சைக்குப் பின் எழுந்து நடப்பதாக உன் தம்பி சொன்னான், மகிழ்ச்சி. தொலைபேசியில் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

செவ்வந்தி நம் வளர்ப்புப் பொறுப்பில் வந்த அன்று, குழந்தைகள் நல அலுவலகம் தந்த ஆணையின் விதிகளை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று நீ தடுத்தாய். நான் கேட்கவில்லை. அவள் நம்மிடம் தொடர்வதா என்று முடிவாகும் மூன்றாம் மாத ஆய்வு நாளான இன்றைய தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டேன். மறந்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எண்ணமில்லை.

உன் அப்பாவைக் கவனிக்க வேண்டியிருப்பதால் இந்த வளர்ப்புப் பொறுப்பை முடித்துக்கொள்ளலாமா என்று சென்ற வாரம் நீ கேட்டாய். பதினாறாம் தேதி முடிவு செய்வோம் என்றேன். அவள் அடுத்த அறையில் இருந்தாள்.

இன்று காலை ஏழு மணிக்குப் பால் வாங்கித் திரும்பினேன். பாய் சுருட்டப்பட்டிருந்தது. அவள் தட்டு கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. நாம் எடுத்துக்கொடுத்த உடுப்புகள் மடிப்புக் கலையாமல் என் நாற்காலியில் இருந்தன. அவளைக் காணவில்லை. கல்பனா, நான் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினேன்.

போளூர்ப் பேருந்தை நடத்துநர் தீர்த்தகிரி நிறுத்திவைத்திருந்தார். "இன்னா சார், பாப்பா தனியா ஆபீசுக்குப் போவணும்ங்குது. உங்க வூட்டுப் புள்ளையாச்சேன்னு நான் வுடல" என்றார். நம்மிடம் வந்த நாளில் செவ்வந்தி உடுத்தியிருந்த அதே பாவாடை, அதே துணிப்பை. ஏன் என்று கேட்டேன்.

"வட்டம் போட்ட நாளு வந்துடுச்சில்ல சார். நீங்க இட்டுன்னு போனா ஸ்கூலுக்கு லீவு போடணும். முன்ன ரெண்டு வூட்லயும் அவுங்களேதான் ஆபீசுல கொண்டாந்து திருப்பி வுட்டாங்க. எனக்கு வழி தெரியும்" என்றாள். அவள் அழவில்லை. இருபத்தைந்து ஆண்டு ஆசிரியர் பணியில் எந்தப் பிள்ளையின் பையையும் நான் தூக்கியதில்லை; அவள் துணிப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு அவளை வீட்டுக்கு அழைத்துவந்தேன்.

பதினொரு மணிக்கு அலுவலர் வந்தார். தொடர்வதற்கான சம்மதப் படிவத்தில் கையொப்பமிட்டு இத்துடன் இணைத்துள்ளேன். உன் கையொப்பமும் இருபத்தைந்தாம் தேதிக்குள் வேண்டும். அந்தத் தேதியை நான் எங்கும் குறித்துவைக்கவில்லை.

துணிப்பை இன்னும் கதவோரம் இருக்கிறது. அதை அவிழ்க்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

சற்றுமுன், "அந்தம்மா கையெழுத்து போடுவாங்களா சார்?" என்று கேட்டாள். பிறர் சார்பில் வாக்குக் கொடுப்பவன் அல்லன் நான், நீ அறிவாய். இன்று, போடுவாங்க என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேளாமல் சொன்னது பிழைதான். அதைப் பொய்யாக்கிவிடாதே.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன்,
அருணகிரி