கதவுக்குப் பின்னால் நின்று வாசித்த கடிதங்கள்

9-7-57, செவ்வாய்

காலையிலிருந்தே சாரல். துவைத்த துணி எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈரவாடை. வேலைக்கு வரும் வள்ளிக்குக் காய்ச்சல். கிணற்றில் இறைத்து வெந்நீர் அண்டாவை நானே நிரப்பி, இடுப்பு பிடித்துக்கொண்டது.

பின்கட்டு அறையில் ஓடு ஒழுகியதால் சாமான்களை வெளியே எடுத்தோம். வடகரைச் சித்தியின் நார்ப்பெட்டி கிடைத்தது. சித்தி, காலமான என் மாமியாருக்குத் தங்கை. பிள்ளை இல்லாதவர். கடைசியில் எங்களோடு வந்து இருந்து, போன தையில் போய்ச் சேர்ந்தார். பெட்டியில் ஒரு சேலை, திருநீற்றுப் பை, அடியில் கட்டுக் கட்டாகக் கடிதம். எல்லாம் அத்தை (மாமியார்) சித்திக்கு எழுதியவை. நாற்பது வருஷத்துக் காகிதம்.

மகள் மீனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுக்குக் காலேஜில் சரித்திரம் நடத்திய டீச்சர் ரிட்டயராகி, சாரலுக்குக் குற்றாலம் வந்திருக்கிறாராம். பெண்கள் எழுதிய பழைய கடிதங்களைத் தேடிச் சேர்க்கிறவராம். பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார், கொடுப்போம் என்கிறாள்.

பெரியத்தானைக் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அண்ணன். இந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். (இனி பெ.அ.)

வாங்க: மண்ணெண்ணெய், சுக்கு, விளக்குத் திரி.

10-7, புதன்

பெ.அ. பதில் அவர் மனைவி வழியாக வந்தது. "எல்லாத்தையும் வெந்நீர் அடுப்புல போடச் சொல்லு." அவ்வளவுதான். காரணம் கிடையாது.

வீட்டில் விறகுக்கா பஞ்சம்? வாய்வரை வந்தது. துவையல் அரைத்துக்கொண்டிருந்தேன், கோபத்தை அம்மியிடம் காட்டினேன். பெட்டியை நெல் குதிருக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார். மாமா (மாமனார்) குற்றாலத்தில் இன்னொரு வீடு வைத்திருந்தது ஊருக்கே தெரிந்த கதை. அத்தை வாயே திறக்கவில்லை. அந்தக் கோபத்தில் பெ.அ. பதினான்கு வயதில் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வருஷக்கணக்காகப் பேசவில்லையாம். பிறகு பேச்சு வந்தது. ஆனால் அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசாமலே அத்தை போய்விட்டார்.

"அண்ணாச்சிக்குப் பயம்ட்டீ. அம்மை தன்னப் பத்தி என்ன எழுதி வச்சிருக்காளோன்னு பயப்படுதாவ. வேற ஒண்ணும் இல்ல."

பெ.அ.வுக்குப் பயமா! நம்பமுடியவில்லை.

11-7, வியாழன்

மத்தியானம் எல்லோரும் தூங்கியபின் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தேன். பாதிக்கு மேல் தபாலில் போகாதவை. ஆண்கள் கண்ணில் படாமல், வடகரைக்குப் போகும் பலகாரப் பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார். அதனால் எண்ணெய்க் கறை, வெல்லப் பாகு, எறும்பு அரித்த ஓட்டை.

எல்லாக் கடிதமும் 'இவ்விடம் அனைவரும் க்ஷேமம்' என்றே ஆரம்பம். இரண்டு வரி தள்ளி மாடு செத்துப் போயிருக்கும், குழந்தைக்கு அம்மை போட்டிருக்கும். எல்லாக் கடிதத்தின் முடிவும் ஒன்றே: 'வாசித்ததும் கிழித்துப்போடவும்.' சித்தி ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை.

மாமாவைத் தாராளமாகத் திட்டியிருக்கிறார். அவருடைய மூக்குப்பொடி மட்டைக்குத் தனி வசவு. நான் பார்த்த அத்தை பேசவே காசு கேட்பவர். இவர் யாரோ! எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது.

ஒரு கடிதத்தில், 'பெரியவன் என் முகம் பார்ப்பதில்லை.' அதோடு பக்கம் முடிகிறது. அடுத்த தாள் பாகில் ஒட்டிக் கிடக்கிறது. இழுத்தால் கிழியும். அடியில் என்ன இருக்கிறதோ. திட்டோ சாபமோ.

12-7, வெள்ளி

காலையில் அந்தத் தாளை இட்லிப் பானை ஆவியில் காட்டிக்கொண்டிருந்தபோது அக்கா (பெ.அ. மனைவி) வந்துவிட்டாள். அப்படியே போய்ச் சொல்லியும்விட்டாள்.

திட்டு விழும் என்று பார்த்தால், உத்தரவு வேறு மாதிரி. எரிக்கிறதற்கு முன் வாசிக்கட்டும். தன் காதில் விழ வாசிக்கட்டும்.

தம்பி பெண்டாட்டி அண்ணன் முன்னால் நிற்கக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரோடு நேராகப் பேசியதில்லை, அவரும் என்னோடு பேசியதில்லை. எது சொல்வதானாலும் அக்காவிடம் சொல்வதுபோல அவர் காதில் போடுவேன். இன்றும் அப்படித்தான். கதவுக்குப் பின்னால் நான், நிலைப்படியில் அக்கா, தெருவைப் பார்த்துப் போட்ட ஈசிசேரில் அவர்.

ஆபத்தில்லாததாக இரண்டு வாசித்தேன். மாங்காய், சீமந்தம். அவர் அக்காவிடம் சொன்னார்: "என்னப் பத்தி உள்ளத வாசிக்கச் சொல்லு."

ஈரம் காயாத தாள் கையில். நானே இன்னும் வாசிக்கவில்லை. வேறு வழியில்லை, வாசித்தேன். அதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்:

'பெரியவன் என் முகம் பார்ப்பதில்லை அப்பாவிடம் கேட்க முடியாததை என்னிடம் கோபமாகக் கேட்கிறான் கேட்கட்டும் வேறு யாரிடம் கேட்பான் ஆனால் தங்கச்சி எனக்கு இடுப்பு வலி என்று அவனுக்கு யார் சொன்னார்களோ தினம் நான் எழுந்திருக்கும் முன்னே தண்ணீர் இறைத்து வெந்நீர் அண்டாவை நிரப்பிவிடுகிறான் நானும் பார்க்காத மாதிரி இருக்கிறேன் பார்த்தேன் என்று தெரிந்தால் கூச்சப்பட்டு விட்டுவிடுவான் இப்படி ஒரு பிள்ளை இருக்கும்போது எனக்கு என்ன குறை வாசித்ததும் கிழித்துப்போடவும்.'

தெருவில் மோர்க்காரி போனாள். பிறகு, "இன்னொரு தடவ" என்றார். வாசித்தேன்.

"அப்பம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

இதை அவர் அக்காவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கிழிக்கச் சொல்லி எழுதியிருக்கிறதே, என்ன செய்ய என்று அக்காவிடம் கேட்பதுபோலக் கேட்டேன். பதில் கதவைப் பார்த்து வந்தது, நேராக எனக்கு.

"சித்தியே கிழிக்கலைல்லா. நாம எதுக்குக் கிழிக்கணும்? கொண்டுபோய்க் குடு தாயி. இந்த ஒண்ண மட்டும் எனக்கு வச்சிரு."

தாயி என்றார். அப்பாடா. மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. சமையற்கட்டில் போய் நன்றாக அழுதேன். பால் பொங்கிவிட்டது.

13-7, சனி

மீனாவோடு பஸ்ஸில் குற்றாலம். அருவியில் வெள்ளம், பக்கத்தில் போகவிடவில்லை. எட்ட நின்றே நனைந்தோம். டீச்சர் ஒவ்வொரு தாளையும் கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார். க்ஷேமத்துக்கும் செத்த மாட்டுக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாம் இருக்கிறதா என்று கேட்டார். ஒன்று வீட்டில் இருக்கிறது, அது வராது என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

மங்குஸ்தான் வாங்கி வந்தோம். பாதி அழுகல்.

14-7, ஞாயிறு

சாரல் விட்டு வெயில். துணியெல்லாம் மொட்டை மாடியில். எலுமிச்சங்காய் நறுக்கி உப்பில் போட வேண்டும்.

வள்ளி இன்றும் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் வெந்நீர் அண்டா கழுத்துவரை நிரம்பியிருக்கிறது. கிணற்றடி முழுக்க ஈரம்.

பெ.அ. முன்வாசலில் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கையால் தோள்பட்டையை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா வந்து, விடியற்காலையில் கிணற்று உருளை சத்தம் கேட்டதே, யார் இறைத்தது, பார்த்தாயா என்றாள்.

நான் பார்க்கவில்லை என்றேன்.