சர்க்கரை போடாத தயிரும் அம்மாவின் சந்தேகமும்

ஓசோர்னோ,
ஜூன் 14

அன்பு மகள் மரிசெலுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், உன் அம்மாவும் நலம். வழக்கத்துக்கு எழுதும் வரி என்று தாண்டிப் போய்விடாதே, இந்த முறை நிஜமாகவே நலம். நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பாலைவன வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தெற்கில் குளிர்காலம், ஒன்பது நாளாக விடாத மழை, விறகு அடுப்பு அணையவே இல்லை. இதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொண்டு தன் பக்கத்துக் கதையைச் சொல்லிவிடுவாள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மார்ச்சில் டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்ன பிறகு அவள் எப்படி இருந்தாள் என்பதை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் விழுங்கினாள். விரலில் குத்திப் பார்க்கும் கருவியை இழுப்பறையில் போட்டு மூடியவள் அதன்பின் அதைத் தொடவே இல்லை. மாலையில் தேநீரும் ரொட்டியுமாக உட்காரும் நேரத்தில் மேசைக்கே வராமல் போய்ப் படுத்துக்கொண்டாள். நாற்பது வருடமாக அந்த நேரத்தில் ஒரு கிண்ணம் ஸ்ட்ராபெரித் தயிரில் வறுத்த கோதுமை மாவைக் கலந்து சாப்பிட்டவள். “அது இல்லாத மேசையில எனக்கென்ன வேலை, நீங்களே உக்காந்து சாப்பிடுங்க” என்றாள். எடை நான்கு கிலோ இறங்கிவிட்டது. ஜூலை பரிசோதனையிலும் சர்க்கரை குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார், மாவு இரண்டு கரண்டி போடலாம், தயிரில் மட்டும் சர்க்கரை கூடாது என்றும் சொன்னார்.

சுற்றிலும் பசு மேயும் ஊரில் நல்ல தயிர் கிடைக்காமலா போகும் என்று கிளம்பினேன். பெரிய கடை அலமாரியில் பதினேழு வகை எண்ணினேன். ‘சர்க்கரை அதிகம்’ என்று கறுப்பு முத்திரை குத்தியதையெல்லாம் ஒதுக்கினேன். முத்திரை இல்லாதவற்றின் பொடி எழுத்தைப் படித்தால் சர்க்கரைக்குப் பதில் வேறொரு இனிப்பு. ஒரு வாய் வைத்துவிட்டு உன் அம்மா, “ஏங்க, இது தயிரா, தரை துடைக்கிற மருந்தா?” என்று கேட்டாள். எதுவும் சேர்க்காதது ஒன்றே ஒன்று கிடைத்தது, அது சுண்ணாம்புத் தண்ணீர் போல இருந்தது.

சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் அம்மாளிடம் புலம்பியபோது அவர்தான் ‘குருவிக்குஞ்சு’ என்று இங்கே சொல்லும் தயிர் விதையை வளர்க்கச் சொன்னார். நீ பார்த்திருக்க மாட்டாய், காலிஃபிளவர் துணுக்கு மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கும், பாலில் போட்டால் தயிராக்கிவிட்டுத் தானும் பெருகும். என்ன விலை என்று பையைத் திறந்தேன். பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். “காசை உள்ள வைங்க பெரியவரே! இதை வித்தா செத்துப்போயிடும். யாராவது மனசு வந்து கொடுக்கணும். என்கிட்ட இருக்கிறதுக்கு என் நாத்தனார் வரிசையில நிக்கிறா. டயர் கடை உலிசெஸைப் பாருங்க, அந்த ஆள் நாய்க்குட்டி மாதிரி வளர்க்கிறான்” என்றார் அந்த அம்மாள்.

உலிசெஸ் கதவளவு அகலமான ஆள். பஞ்சர் ஒட்டும் பசை டப்பாவுக்குப் பக்கத்திலேயே அவருடைய ஜாடி இருந்தது. உடனே எடுத்துத் தந்துவிடவில்லை, யாருக்கு, எதற்கு, வீட்டில் எத்தனை பேர் என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். பிறகு ஒரு ஜாம் பாட்டிலில் மரக்கரண்டியால் இரண்டு கரண்டி போட்டார். “இரும்பு படக்கூடாது, குழாய்த் தண்ணி படக்கூடாது, பெருகினா யாருக்காவது கொடுத்திடணும். கஞ்சத்தனம் பண்ணினா இதுங்களுக்குப் பிடிக்காது, ஐயா” என்றார். நான் வீட்டுக்கு வந்து, குளிரில் வாடுமே என்று பாட்டிலை அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காடியாகிவிட்டது. உன் அம்மா முகர்ந்துவிட்டு, “குருவி இல்ல, கழுகு” என்றாள். மறுபடி போய்ச் சொன்னதும் உலிசெஸ் தலையில் அடித்துக்கொண்டு, ஜன்னலோரம் வையுங்கள், பதினான்கு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், வடிகட்டித் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள் என்றார்.

அப்படியே செய்தேன். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு, கத்தியால் வெட்டலாம் போன்ற தயிர், மேலே இரண்டு கரண்டி வறுத்த மாவு. கிண்ணத்தை அவளிடம் கொண்டுபோகாமல் மேசையில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். வந்தாள், நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டாள், உட்கார்ந்தாள். கிண்ணத்தை வழித்துக் காலி செய்தாள். அப்புறம் கரண்டியை வைத்துவிட்டு என்னை முறைத்தாள். “சர்க்கரை போட்டிருக்கீங்க.” இல்லை என்றேன். “பொய். இத்தனை வருஷம் பத்திரிகையில ஊருக்கெல்லாம் உண்மை எழுதிட்டு வீட்டுல பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்ல?” நேராகப் போய் இழுப்பறையைத் திறந்தாள், மரிசெல்! என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க! சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆக வேண்டும் என்று, பின்னல் ஊசியும் கையுமாக எனக்கு எதிரிலேயே கடிகாரத்தைப் பார்த்தபடி காவல் இருந்தாள். எட்டு மணிக்குக் குத்தினாள். நூற்று முப்பத்தெட்டு, டாக்டர் சொன்ன அளவுக்குள்தான். இன்னொரு விரலில் குத்தினாள், நூற்று நாற்பத்தொன்று. கருவி கெட்டுவிட்டது என்று என் விரலையும் குத்தினாள். பிறகு கருவியை மேசையிலேயே வைத்துவிட்டு, “நாளைக்கும் இருக்கா?” என்று கேட்டாள்.

தயிர் மருந்தில்லை என்று எனக்கும் தெரியும், மாத்திரை நிற்கவில்லை. ஆனால் இன்றோடு ஐந்து நாளாக அவள் மேசைக்கு வருகிறாள், தினமும் தானே குத்திப் பார்க்கிறாள், நேற்று ஜூலை பரிசோதனை எந்தத் தேதி என்று அவளாகவே விசாரித்தாள். உனக்கும் குருவிக்குஞ்சில் ஒரு பங்கு பிரித்து, ஈரத் துணியில் சுற்றிப் பஸ் பார்சலில் போட்டிருக்கிறோம், வியாழக்கிழமை போய் வாங்கிக்கொள்.

உங்கள் இருவருக்கும் உடம்பில் வலுவும் மனதில் நிம்மதியும் என்றும் குறையாதிருக்க இறைவனை வேண்டுகிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது சர்க்கரை எவ்வளவு என்று எடுத்தவுடனே அம்மாவிடம் கேட்காதே. இன்று என்ன சாப்பிட்டாய் என்று கேள். அளவை அவளே சொல்வாள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
லெயோபோல்தோ பாரியா