ராயபுரத்தில் கேட்கக் கூடாத கேள்வி

3-9-1951, திங்கள்

காலையில் அமீருதீன் பாய் வேலைக்குக் கிளம்பினார். வீட்டுக்காரராயிற்றே என்று மரியாதையாக, "எங்கே போறீங்க?" என்று கேட்டேன். மனிதர் வாசற்படியில் வைத்த காலை எடுத்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, "ரஹீமு, தண்ணி கொண்டா" என்றார். குடித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். டன் கணக்கில் இரும்பைத் தூக்கி நிறுத்துகிறவரை என் இரண்டு வார்த்தை உட்கார வைத்துவிட்டது.

எங்கள் பினாங்கில் இது சலாம் மாதிரி. மலாய்க்காரன், சீனன், தமிழன் யார் எதிரே வந்தாலும் "எங்கே போறே?" என்பான். "சும்மா இப்படி" என்று நடந்துகொண்டே இருக்கலாம். பதில் யாருக்கும் வேண்டாம். இங்கே, கிளம்பினவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடுமாம். உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் சரியாகிவிடுமாம்.

"தீனில், நம் மார்க்கத்தில், இப்படி ஒன்று இருக்கிறதா தங்கச்சி?" என்று பாயின் மனைவி ரஹீமுன்னிசாவைக் கேட்டேன்.

"தீன்ல இல்லண்ணே. தெருவுல கீது" என்றாள்.

கீது! வந்த முதல் வாரம் 'தண்ணி கீதா?' என்று கேட்டார்கள். யாரோ கீதா என்ற பெண்ணைத் தேடுகிறார்கள் என்று நினைத்தேன்.

5-9-51

நாடு பார்க்கலாம் என்று வந்தேன், ராயபுரம் பார்க்கிறேன். மீன், நிலக்கரி, மாட்டுச்சாணி மூன்றும் ஒரே காற்றில் வருகின்றன. தேசத்துக்குச் சுதந்திரம் வந்து நாலு வருஷம் ஆகிறது. மூக்குக்கு இன்னும் வரவில்லை.

நாற்பத்தாறு வயதில் நான் வெளிநாட்டில் படிக்கும் மாணவன். சிரிக்கட்டும். பினாங்கு அரிசி மில்லில் பத்தொன்பது வருஷமாக பாய்லர் பார்த்தேன். பாய்லரும் வெடிக்கவில்லை, நானும் வெடிக்கவில்லை. இப்போது சர்டிபிகேட் வேண்டுமாம். அங்கே பரீட்சை இங்கிலீஷில். என் இங்கிலீஷ் 'எஸ் சார்' என்பதோடு நின்றுவிடும். திருவொற்றியூரில் தமிழிலேயே சொல்லிக்கொடுத்துத் தமிழிலேயே கேட்கிறார்கள் என்று மில் எடைக்காரர் சொன்னார். அவர் அமீருதீன் பாயின் அண்ணன். அவர் கொடுத்த கடிதத்தால்தான் இந்த வீடு, இந்தச் சோறு. "ஜனவரி முடிவதற்குள் காகிதத்தோடு வா. இல்லாவிட்டால் உன் இடத்தில் ஈப்போ ஊர்க்காரன் நிற்பான்" என்று முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பரீட்சை டிசம்பர் பத்து. ஒரே பரீட்சை.

9-9-51

இந்தத் தெருவில் என்னிடம் இதுவரை கேட்டவை: எத்தனை பிள்ளை, என்ன சம்பளம், ஏன் தொப்பை, அது மூலமா வாயுவா, பெண்டாட்டி சிவப்பா. டீக்கடையில் நின்றுகொண்டு சத்தமாக. இவையெல்லாம் கேட்கலாம். எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. நாகரிகம்!

ரஹீமுன்னிசா ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். "கேட்டே ஆவணும்னா, 'தூரமா?'ன்னு கேளுங்கண்ணே. எங்கன்னு வாய தொறக்காதீங்க."

தூரமா என்று கேட்டால் 'இங்கதான், ஹார்பரு' என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அப்போது காரியம் கெடாதாம். இந்த அறிவாளிகளோடு படித்து நான் பாஸாக வேண்டும்.

11-9-51

இன்று மூன்று பேரைத் திரும்ப உட்கார வைத்தேன். முதல் இரண்டு பேரை நாக்குத் தவறி. மூன்றாவது ஆளை வேண்டுமென்றே.

23-9-51, ஞாயிறு

எப்படி எழுதுவது இதை.

இவர்கள் மகள் சபீஹாவுக்கு யானைக்கவுனியில் ஒரு இடம். மாப்பிள்ளையின் தகப்பனார் பதினோரு மணிக்கு வேலூருக்குக் கிளம்புகிறார், அதற்குள் போய்ப் பேசிவிட வேண்டும். ஜட்கா வாசலில் நின்றது. பாய் புதுச் சட்டையில், ரஹீமுன்னிசா பழத்தட்டோடு ஏறியாகிவிட்டது. நான் பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். இவ்வளவு ஜோடனையைப் பார்த்ததும் சந்தோஷத்தில், "அடேயப்பா, எல்லோரும் எங்கே போறீங்க?" என்று —

குதிரை கூடத் திரும்பிப் பார்த்தது.

எல்லோரும் இறங்கினார்கள். தண்ணீர் வந்தது. எதிர்வீட்டு அஜீசுன்னிசா, "நல்ல காரியம்டி, அரை மணியாவது குந்து" என்று உள்ளே பிடித்து வைத்துக்கொண்டாள். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த மனிதர் கிளம்பிவிட்டார். "பேச வரவே நேரம் தவறுனவங்க நிக்காவுக்கு எப்ப வருவாங்களாம்?" என்று அந்த வீட்டுக் கிழவர் கேட்டாராம். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

"தாமதமானது என் கேள்வியாலா, உங்கள் தண்ணீராலா?" என்று கேட்டேன். ரொம்ப சாமர்த்தியம் எனக்கு.

"கேள்வியால" என்றாள் ரஹீமுன்னிசா. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எங்க அண்ணன் லெட்டரு குடுத்தாரேன்னு பாக்கறேன் தமீம் பாய்" என்றார் அமீருதீன். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

24-9-51

என் தட்டு அறை வாசலில், மூடி வைத்து. சேர்ந்து சாப்பிட யாரும் கூப்பிடவில்லை. மீன் குழம்பு மட்டும் வழக்கம் போல நன்றாக இருந்தது. கோபித்துக்கொள்ளக் கூடச் சரியாகத் தெரியாத ஜனங்கள்.

8-10-51

வகுப்பு. என் பெஞ்சில் வியாசர்பாடிக்காரர், பெயர் மண்ணாங்கட்டி. என் வயசு, பஞ்சாலையில் பாய்லருக்குக் கரி தள்ளுகிறவர். எனக்கு இல்லாத அறிவெல்லாம் அவருக்கு இருக்கிறது. பிடிக்கவில்லை.

"மாமு, நீ வேலைல கீறே. பாய்லரு கண்ணாடில தண்ணி மட்டமே தெர்ல. இன்னா செய்வே?"

"பம்பைத் திறந்து தண்ணீர் விடுவேன்."

"சுத்தம்! காஞ்சி செவந்து கீற தகட்டுல பச்சத் தண்ணிய வுட்டா பாய்லரு எழும்பிப் போயி புழலு ஏரில வுழும். நீ வானத்துல கீறே. தண்ணியத் தொடாத மாமு. நெருப்ப அடக்கு. பதறாத."

பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடியில் தண்ணீர் காணாமல் போகவே இல்லை. போயிருந்தால் நான் பம்பைத்தான் திறந்திருப்பேன். பினாங்கு மில்லில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். எல்லோரும் அதிர்ஷ்டக்காரர்கள்.

2-12-51, ஞாயிறு

அன்று வேலூருக்குக் கிளம்பிப் போன தகப்பனார் மனசு மாறி, மாப்பிள்ளை வீட்டார் இங்கேயே வந்தார்கள். அவர்கள் இருந்த மூன்று மணி நேரமும் என்னை அறைக்குள் வைத்து வெளியே தாழ்ப்பாள். காரணம்: அவர்கள் கிளம்பும்போது நான் கேட்டுவிடுவேனாம்! சர்க்கஸ் புலிக்குக் கூட ஜன்னல் இருக்கும். கதவிடுக்கில் ஒரு தட்டு பிரியாணி வந்தது. சபீஹாவின் கை.

"முடிஞ்சிதா?" என்றேன்.

"முடிஞ்சிது மாமா. வாய மூடிகினு துன்னுங்க."

10-12-51, திங்கள்

தூறல். ஏழரை மணி ரயில். நான் கிளம்பினேன். தெரு முழுக்க வாயில் பூட்டு. குழாயடியில் குடங்கள் பேசவில்லை. டீக்கடைக்காரர் என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று மாதமாக நான் உட்கார வைத்த ஆட்கள் எல்லோரும் வரிசையாக நின்று, ஒருவரும் பழி வாங்கவில்லை. இவர்களைத் திட்டுவதற்கு ஆளை விடுகிறார்களா பார்!

மூலையில் புதிதாக ஒரு ரிக்ஷாக்காரர். "எங்க நைனா போவணும்?" என்றார்.

அவர் தொழில் அது! கேட்காமல் என்ன செய்வார்? ஆனால் தெருவே 'ஐயோ' என்றது. அஜீசுன்னிசா தலையில் கை வைத்துக்கொண்டாள். அமீருதீன் பாய் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தார்.

"ரயில் போய்விடும் பாய்! பைத்தியக்கார ஊரே—"

"ரயிலு போனா ரிக்ஷா கீது. குடி."

குடித்தேன். ரயில் போயிற்று. ரிக்ஷாக்காரர் குற்றம் தன்னுடையது என்று திருவொற்றியூர் வரை இழுத்துக்கொண்டு ஓடினார். கடைசி ஆளாக உள்ளே போனேன்.

பரீட்சை வைக்கும் அதிகாரி தலை நிமிராமல் கேட்டார்: "கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை. முதலில் என்ன செய்வாய்?"

'பம்பு' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ரஹீமுன்னிசா கொடுத்த தண்ணீர் இன்னும் வாயில் இருப்பது போல மூடிக்கொண்டேன்.

"தண்ணீரைத் தொட மாட்டேன் சார். நெருப்பை அடக்குவேன்."

அவர் தலை நிமிர்ந்தது.

22-12-51

பாஸ். மண்ணாங்கட்டியும் பாஸ், என்னைவிட நல்லபடியாக. இன்னும் பிடிக்கவில்லை. பஞ்சாலை வாசலில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

27-12-51, கப்பலில்

டிரங்குப் பெட்டி, அதற்குள் சர்டிபிகேட், ரஹீமுன்னிசா கட்டிக்கொடுத்த கருவாடு. கப்பல் முழுக்க ராயபுரம் நாறப் போகிறது. நான் போவது எங்கே என்று தெருவுக்கெல்லாம் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. வாசலில் அவள் மட்டும் கேட்டாள்: "தூரமாண்ணே?"

"கொஞ்சம் தூரந்தான் தங்கச்சி."

சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஹார்பர் வாசலில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி மறித்து, "யோவ், எங்கே போறே?" என்றார்.

திரும்பிப் போக வீடு இல்லை. கூலிக்காரரிடம் பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னேன். "இன்னா சார், கப்பலு நிக்கிது" என்றார் அவர். நிற்கட்டும். பெட்டியின் மேல் உட்கார்ந்து, கூஜாவைத் திறந்து, ராயபுரம் குழாய்த் தண்ணீரை நிதானமாக ஒரு வாய் குடித்தேன்.

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "பினாங்கு" என்றேன்.