டில்லி மேல் விழுந்த பழி

பிரெஸ்டன், மெல்பர்ன்
ஜூலை 14

அன்புள்ள பிரோடி அண்ணாவுக்கு,

டெகன் எழுதுகிறேன். நானும் உன் நாய் டீசலும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. அவள் இருக்கும் மோர்வெல்லில் குளிர் தாங்கவில்லையாம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை மட்டும் உன் கடிதங்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அங்கே போர்வை போதுமா?

டீசலை யாருக்காவது கொடுத்துவிடு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எங்கள் குடியிருப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சிரிக்காதே, நாய் அசிங்கத்தைப் பற்றியது.

இங்கே எட்டு வீடுகளுக்கும் சேர்த்துப் பின்பக்கம் ஒரே ஒரு புல்தரை, துணி காயப்போடும் இடத்தை ஒட்டி. கட்டடத்தில் நாய்கள் இரண்டு. ஒன்று நம் டீசல். மற்றது மாடியில் இருக்கும் வெஸ்னாவின் வழிகாட்டி நாய் டில்லி. வெஸ்னாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பார்வை அறவே இல்லை. குடிநீர் நிறுவனத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. "நாள் முழுக்க ஊர்க்காரங்ககிட்டத் திட்டு வாங்குறேன், வீட்டுக்கு வந்து டில்லியைத் திட்டுறேன்" என்பார். திட்டி நான் கேட்டதில்லை.

காலையில் நான் டீசலோடு இறங்கும்போது அவரும் இறங்குவார். முதல் நாள் ஒதுங்கி நின்று பார்த்தேன். இப்படிப் பார்ப்பது தப்போ என்று கூச்சமாகவும் இருந்தது. டில்லியின் சேணத்தைக் கழற்றிவிட்டு அதன் முதுகில் லேசாகக் கை வைத்துக்கொண்டு நிற்பார். முதுகு சரிந்தால் மூத்திரம், வளைந்தால் மற்றது. வளைந்ததும் பையைக் கையுறைபோல் மாட்டிக்கொண்டு, முதுகிலிருந்து வால் வழியாகக் கையை நேரே தரைக்குக் கொண்டுபோவார். ஒரே அள்ளு. பிறகு இன்னொரு பையோடு சுற்றிலும் தடவிப் பார்ப்பார், ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று. மழையிலும் அப்படித்தான். முடிச்சிட்ட பை அவருடைய குப்பைத் தொட்டிக்குள்தான் போகும். கைக்கு முதலில் எட்டும் பக்கத்து வீட்டுத் தொட்டியில் ஒரு நாளும் போட்டதில்லை. தன் தொட்டியின் கைப்பிடியில் அடையாளத்துக்கு ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறார். கண் இருக்கும் நான் குளிர்கால இருட்டில் டீசல் போட்டதைத் தேடி மிதித்திருக்கிறேன்.

போன மாதம் புல்தரையில் யாரும் அள்ளாத அசிங்கம் கிடக்கத் தொடங்கியது. ஒன்றாம் எண் வீட்டுக் காலின்தான் குடியிருப்புச் சங்கத் தலைவர். எல்லாருடைய தபால் பெட்டியிலும் ஓர் அறிவிப்பைப் போட்டார். சனிக்கிழமை கூட்டம்; வாடகைக்கு இருப்பவர்கள் நாய் வைத்துக்கொள்ளலாமா என்பதும் பேசப்படும். அண்ணா, இங்கே நாயோடு வாடகைக்கு இருப்பது நான் மட்டும்தான்.

கூட்டத்தில் காலின் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கனிவாகப் பேசினார். "யாரையும் குத்தம் சொல்லல. வெஸ்னா பாவம், கண்ணு தெரியாதவங்க. எங்க விழுந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நாமளே ஆளுக்கொரு வாரம் அள்ளிடுவோம். இந்தப் பொண்ணோட நாயைப் பத்தி இப்ப பேச வேணாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், டீசலுக்கு ஆபத்தில்லை. அது எனக்குப் புதிதா என்ன? பல்கலைக்கழகத்திலும் மூன்று வருடம் நம் வீட்டைப் பற்றி வாயைத் திறக்காமல்தானே இருந்தேன். ஆனால் வெஸ்னா அங்கே இல்லை. தாளில் அச்சடித்த அறிவிப்பை அவர் எப்படிப் படிப்பார்? ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"அது டில்லி இல்ல" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "வெஸ்னா ஒவ்வொரு தடவையும் அள்ளுறாங்க. நான் தினம் பாக்குறேன்."

காலின் முகம் மாறியது. "அப்ப மிச்சம் இருக்கறது உன் நாய்தான். யோசிச்சுத்தான் பேசறியா?"

"எங்க அண்ணனோட நாய். அது போடுறதை நானும் அள்ளிடுறேன்."

"அண்ணன் நாயா? அவரையே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லேன்."

"ஜெயில்ல இருக்கான்" என்றேன்.

அலுவலகத்தில்கூட நீ சுரங்க வேலைக்குப் போயிருப்பதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை. நான் மாடிக்கு ஓடிப்போய் வெஸ்னாவின் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

டில்லியோடு இறங்கி வந்தார். "எனக்காக முறை போட்டு அள்ளப் போறீங்களாமே! முதல் வாரம் யாரு? காலின், நீங்களா? எனக்குக் கண்ணுதான் இல்ல, கை இருக்கு. எங்க கெடக்கு அது?"

எல்லாரும் பின்னால் வர, இடத்துக்கு அழைத்துப்போனேன். பையை மாட்டி அள்ளியவர், உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார். "இவ்ளோதானா? இதை டில்லி போட்டதுன்னு சொன்னா அவளுக்கே அவமானம். இது ஏதோ எலிக்குட்டி மாதிரி நாயோட வேலை. நீங்களும் கையில வாங்கிப் பாருங்களேன், காலின்."

காலின் பின்னால் நகர்ந்தார். அவர் மனைவி மொரீன்தான் மெதுவாக, "நம்ம பொண்ணு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வருவாளே, அவளோட குட்டி நாய் பிஸ்கட்டு..." என்றார்.

"அது புல்லுல காலே வைக்காதேம்மா!" என்றார் காலின்.

"வைக்காதா? கதவைத் திறந்து அதை வெளிய விட்டுட்டு டிவியில ஃபுட்டி மேட்ச் பாக்குறது யாரு?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. காலினும் நல்ல மனிதர்தான் அண்ணா. எல்லார் முன்னாலும் வெஸ்னாவிடம் மன்னிப்புக் கேட்டார். வெஸ்னா பையை முடிச்சிட்டு அவர் கையில் வைத்து, "மன்னிச்சாச்சு. இது உங்க தொட்டிக்கு" என்றார். டீசல் இருக்கலாம் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

மாடிப்படியில் வெஸ்னா உன்னைப் பற்றிக் கேட்டார். அடுத்த வருடம் ஆகஸ்டில் வெளியே வருவான் என்றேன். "நீ போய்ப் பாக்குறியாம்மா?" என்றார்.

"வர வேணாம்னு எழுதறான். அங்க வந்தா எனக்கு அவமானமா இருக்கும்னு நெனைக்கிறான்."

"உன்னைக் கேட்டுத்தான் அப்படி முடிவு பண்ணாரா?"

"இல்ல."

"சரியாப் போச்சு. இன்னொரு காலின்!" என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

டீசலை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. உன்னைப் பார்க்கவும் வர வேண்டும். பார்க்க வருவோர் பட்டியலில் நீ என் பெயரைக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்களாம். கொடு அண்ணா. எதிரே உட்கார்ந்து எனக்குப் பேச வராமல் போகலாம். நீயும் பேச வேண்டாம்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் அங்கே யாரோ பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். கடவுள் உன்னோடு இருக்கட்டும். இத்தனை நாள் வெறும் டெகன் என்று கையெழுத்திட்டேன். இன்று நம் குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதுகிறேன்.

உன் தங்கை,
டெகன் டிரிஸ்கால்