ஆணையம் இல்லாத நாளில் சொன்னது

மார்ச் 27, வியாழன்

சாட்சி சொல்ல வேண்டிய அடுக்குமாடிக் காவலாளி இன்றும் வரவில்லை. போனில் ஒரே இருமல். "திங்கக்கிழமை எப்படியாவது வந்துடறேம்மா" என்றார். கேட்கவே பாவமாக இருந்தது. "ஒண்ணும் அவசரமில்லை. உடம்பைத் தேத்திக்கிட்டு அடுத்த வாரம் வாங்க" என்றேன். தலைவரும் சரி என்று தலையாட்டினார்.

திங்களோடு வீட்டுப் பணியாளர்களுக்கான எங்கள் ஆணையத்தின் ஆயுள் முடிகிறது. முடிந்தால் என்ன? வருஷா வருஷம் முடிகிறதுதான். நீட்டிப்பு ஆணை மே மாதத்தில் ஆடி அசைந்து வரும், ஏப்ரல் ஒன்றிலிருந்து செல்லும் என்று முன்தேதி போட்டுக்கொண்டு. அதுவரை நாங்கள் பாட்டுக்கு விசாரணை நடத்துவோம்.

ஏப்ரல் 3

வந்தார். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, இருமிக்கொண்டே சொன்னார். நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன்.

ஒரு பெரிய அதிகாரி வீட்டில் வேலை செய்த பெண், ஏழாவது மாடி சன்னலிலிருந்து விழுந்து செத்துப்போனாள். தானாகக் குதித்தாள் என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. மனு கொடுத்தவள் அவளுடைய அக்கா. அவளும் வீட்டு வேலைதான்.

"தண்ணி டேங்க் பாக்க மேல போனேங்க. கதவு தொறந்திருந்துச்சு. வெளிய ஏறி நின்னு கண்ணாடியத் தொடைன்னு வீட்டம்மா சத்தம் போட்டாங்க. பயமா இருக்கும்மான்னு அந்தப் பொண்ணு அழுதுச்சு. என் காதால கேட்டேன்."

அக்காக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப அவ குதிக்கல" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான்.

என் பென்சில் நிற்கவில்லை. என் வேலையில் அழக் கூடாது. வீட்டுக்கு வந்து அழுதேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

ஏப்ரல் 22

மேல்மாடித் தணிக்கை அதிகாரி கிண்டல் செய்கிறார். "நாங்க அரசியலமைப்பே பெத்த பிள்ளைங்க. எங்களை எடுக்கணும்னா நாடாளுமன்றத்துல மூணுல ரெண்டு பேர் கை தூக்கணும். நீங்க அரசாணை பெத்த சவலைப் பிள்ளை. உங்களைத் தீத்துக்கட்ட ஒருத்தர் பேனா மூடியைத் தொறக்காம இருந்தாலே போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மே 22

பேனா மூடியை யாரும் திறக்கவில்லை.

நீட்டிப்பு கிடையாது. மார்ச் 31க்குப் பிறகு நடந்த எதுவும் செல்லாது. கோப்புகள் துறைக்குப் போகும். எந்தத் துறை? அந்தப் பெண் வேலை செய்த வீட்டு அதிகாரியின் துறைதான்! திருடன் கையிலேயே சாவி.

ஏப்ரல் 3 அன்று ஆணையமே இல்லையாம். அப்படியானால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தது யார்? பேயா, பிசாசா? ஐயோ, திங்கக்கிழமை வருகிறேன் என்றாரே அந்த மனுஷன். வேண்டாம் என்று சொன்னவள் நான்தானே. இரக்கப்படுகிறேன் பேர்வழி என்று ஒருத்தி வாயில் மண்ணைப் போட்டேனே.

ஜூன் 5

காவலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். நெஞ்சு சளி. அக்காக்காரி போனில் சொன்னாள். "இனி யாரு இருக்கா மேடம்?" என்றாள்.

ஜூன் 11

பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கோப்புகளை ஒப்படைக்க என்னை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். மதியம் மேல்மாடிக்குப் போனேன், உங்களால் இந்த விசாரணையை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்க. தணிக்கை அதிகாரி இந்த முறை சிரிக்கவில்லை. "எங்க வேலை அரசாங்கக் கணக்கைப் பாக்கறதும்மா. அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்க எங்களுக்கும் அதிகாரம் இல்ல." கோட்டைதான், ஆனால் கதவு ஒன்றே ஒன்று.

ஜூன் 20

தலைவரைக் கூப்பிட்டேன். அக்காக்காரி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறாள், அன்று காவலாளி சொல்லக் கேட்டதைச் சொல்ல முடியுமா என்று. ஓய்வுபெற்ற நீதிபதி. "வயசாச்சும்மா, எதுவும் ஞாபகத்துல நிக்கறதில்ல" என்றார். போன வாரம்தான் முப்பது வருஷத்துக்கு முந்தைய தீர்ப்பைப் பத்தி பத்தியாகச் சொன்னார்.

மிச்சம் நான்.

ஜூலை 6, ஞாயிறு

என்னை மாற்றிப் போட்டதும் அதே துறைக்கு. அக்காக்காரியின் வக்கீல் என்னைத் தேடியது கண்காணிப்பாளர் காதுக்கு எட்டிவிட்டது. "ஓய்வுபெறப் போற நேரத்துல உங்களுக்கு ஏம்மா ஊர் வம்பு?" என்றார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

தங்கை போன் செய்தாள். அவள் மகனின் வேலையைப் பற்றியே பேசினாள். "நீ எப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவள் மேல் தப்பில்லை, நான் எப்போதும் "நல்லா இருக்கேன்" என்றுதானே சொல்கிறேன்.

இத்தனை வருஷம் மற்றவர்கள் பேச எழுதினேன். நான் பேசி யார் எழுதினார்கள்?

ஜூலை 7

வக்கீலிடம், சாட்சி சொல்ல வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 14

கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் எகத்தாளமாகக் கேட்டார்: "அந்த ஆணையமே அன்னிக்கு இல்லையே. நீங்க எந்தப் பதவியில இதைச் சொல்றீங்க?"

"ஆணையம் இல்லைங்க. நான் இருந்தேன்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நீதிபதி நிமிர்ந்தார். இறந்தவர் சொன்னதற்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பிறகு பார்க்கலாம், இப்போது பதிவு செய்யுங்கள் என்றார். கீழே ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவளுக்காக நிதானமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பயமா இருக்கும்மா என்று அந்தப் பெண் அழுததைச் சொன்னபோது மட்டும் என் குரல் உடைந்தது. அவள் தட்டுவதை நிறுத்திக் காத்திருந்தாள்.

தீர்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. இனி அலுவலகத்தில் என்ன காத்திருக்கிறதோ, அதுவும் தெரியாது.

வெளியே படிக்கட்டில் அக்காக்காரி நின்றிருந்தாள். கும்பிடவில்லை, நன்றி சொல்லவில்லை. என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். இத்தனை நாளும் மேடம் மேடம் என்றவள்.

"காலைலேருந்து ஏதாவது சாப்பிட்டியாக்கா?" என்றாள்.

இல்லை என்றேன்.