வசந்தாவுக்குத் தனி அடுப்பு

ஐப்பசி 12, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வசந்தாவுடன் பெரியாஸ்பத்திரி. என் நாத்தனார், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், என்றும் எங்களோடுதான். இதயத்தில் வால்வு மாற்ற வேண்டுமாம், தள்ளிப்போடக் கூடாதாம். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவில்லை. ஆனால் ஒரே ரேஷன் கார்டு. இவர் சம்பளமும் சேர்ந்து வருமானம் வரம்புக்கு மேல். கவுன்ட்டர் பெண்: "அவங்க தனியா சமைச்சு சாப்பிட்டா தனி கார்டு வாங்கலாம்மா. வீட்டுக்கு வந்து பாப்பாங்க."
தாம்பரம் வரும்வரை பஸ்ஸில் வசந்தா ரிப்போர்ட்டையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

14, புதன்
இவர்: "ஒரு ஸ்டவ் வாங்கிப் பின்ரூம்ல வை. வந்தா காட்டிக்கலாம்." முடியாதென்றேன். விளக்கேற்றும் கையால் பொய்க் கையெழுத்தா? தனியாகச் சமைப்பதென்றால் நிஜமாகவே சமைக்கட்டும்.
வசந்தா சிரித்துக்கொண்டே: "என்னைத் துரத்த இத்தனை வருஷமா காத்துட்டு இருந்தீங்களா அண்ணி?"
நானும் சிரித்தேன். பிறகு பூஜை அறையில் அழுகை.

16, வெள்ளி
ராகுகாலம் கழித்துப் பின்ரூமில் பால் காய்ச்சினோம். ஊரில் எல்லோரும் குடிபோகக் காய்ச்சுவார்கள், நாங்கள் பிரிய. முதல் டம்ளர் எனக்கு.
அரிசி, துவரம் பருப்பு, புளி: அவள் கணக்கு தனிப் பக்கத்தில். பெருங்காயத்தைப் பிரிக்க மனசு வரவில்லை. ஒரே டப்பா.
மனு போட்டாயிற்று.

20, செவ்வாய்
மூன்று பேருக்கு வடித்துப் பழகிய கை. தினமும் சோறு மீந்துபோகிறது. பின்பக்கம் அவள் தாளிக்கும் வாசனை. "உப்பு சரியா அண்ணி?" என்று கேட்பாள் என இருந்தேன். கேட்கவில்லை. மாத்திரை போட்டாளா?

22, வியாழன்
மத்தியானம் வசந்தா சாப்பிடக் கூப்பிட்டாள். வத்தக்குழம்பு. தட்டில் கை வைத்த நேரம் பார்த்து ஆய்வுக்கு ஆள்.
"சேர்ந்துதானே சாப்பிடறீங்க?"
வசந்தா: "இல்ல சார். இன்னிக்குத்தான் அண்ணியை விருந்துக்குக் கூப்பிட்டேன். நீங்களும் உக்காருங்க."
"ஐயோ, டூட்டில இருக்கேம்மா." என்னைப் பார்த்தார். "அப்படியா?"
"ஆமாம் சார். இது அவ வீடு."
பொய்யில்லை.
அடுப்பு, அரிசிப்பானை, எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு போனார். குழம்பில் உப்பு தூக்கல். சொல்லவில்லை.

கார்த்திகை 10, திங்கள்
கார்டு வந்தது. வசந்தா பெயர் மட்டும். குடும்பத் தலைவி என்று போட்டிருக்கிறது. "மரியாதையா பேசுங்க அண்ணி, தலைவியாக்கும்!" வருமானச் சான்றும் ஆயிற்று. சிங்கப்பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன்.

20, வியாழன்
அட்மிஷன். போன வாரம் எடுத்த காப்பீட்டு அட்டை செல்லும் என்றார்கள். அப்பாடா. நாளை மறுநாள் ஆபரேஷன். வார்டில் நர்ஸ் அட்டையைப் புரட்டிப் பார்த்து, "நீங்க ஒருத்திதானா? வீட்ல வேற யாரும் இல்லையா? யாரு பாத்துக்குவாங்க?"
வசந்தா என்னைப் பார்த்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்தேன்.