மதகை மூடியாச்சா

மார்ச் 4, செவ்வாய்
மகள் லேனா பாலர் வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம். வீட்டுக்கு வந்த எழுத்துத் தாள்: மூன்று. காலுறையிலிருந்து கொட்டிய மணல்: கணக்கில்லை. என்ன படித்தாய் என்றால், "விளையாடினேன்" என்கிறாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மற்றதெல்லாம் அடுப்படியில் நானாகப் படித்தது. என்னை ஏமாற்ற முடியாது.

மார்ச் 11
பள்ளிக்கே போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் மணல் தொட்டியில் பொம்மை வீடுகளைச் சுற்றிக் களிமண் கரை கட்டி, கரைக்கு அடியில் வைத்த குழாயின் சின்னக் கதவையும் மூடிவிட்டு, வெளியே தண்ணீர் ஊற்றினார்கள். அது எப்படியோ உள்ளே வந்தது. கிரான் டீச்சருக்குக் காரணம் தெரியும், முகமே சொன்னது. ஆனாலும் "எப்படி வந்திருக்கும்? எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று அவர்களையே கேட்டாள். தெரிந்ததை மறைப்பது என்ன போதனை? கேட்டேன். "அவங்களா கண்டுபிடிச்சா மறக்க மாட்டாங்க" என்றாள். சம்பளம் அவளுக்கு, பாடம் சொல்வது ஐந்து வயதுப் பிள்ளைகளா?

மார்ச் 16, ஞாயிறு
சபையில் தலைகுனிவு. ஞாயிறு பள்ளியில் நோவாவின் கதை. பேழைக் கதவைக் கர்த்தரே மூடினார் என்று அங்கே பாடம் எடுக்கும் வீபே அம்மா சொன்னதும் லேனா எழுந்து, "சரி, நல்லா மூடியிருக்கான்னு யாரு பாத்தா?" என்றாளாம். சபையில் அதைச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் புத்தி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 24
ஜெபித்து முடிவெடுத்தேன். ஈஸ்டருக்குப் பிறகு லேனாவைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டில் நானே கற்றுக்கொடுப்பது. என் வீட்டுக்காரர் கொர்னிக்கும் சம்மதம்.

ஏப்ரல் 8
பனி உருகி ஆறு ஏறுகிறது. வெள்ளத்துக்காக நம் வீட்டையும் தொழுவத்தையும் சுற்றிக் கட்டிய கரைக்கு அடியில் போகும் குழாயின் மதகை கொர்னி மூடிவிட்டு வந்தார். சாப்பாட்டு மேசையில் லேனா ஆரம்பித்தாள்.
"மூடிருச்சுன்னு எப்படித் தெரியும்பா?"
"மதகுச் சக்கரம் அதுக்கு மேல சுத்தல. அவ்வளவுதான்."
"உள்ள பாத்தீங்களா?"
அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தகப்பனையே சோதிக்கிறாள்! பழக்கூழ் கிடையாது என்று எழுப்பி அனுப்பினேன். படியில் உட்கார்ந்து அழுதாள். "தொட்டியிலயும் மூடிட்டோம்னுதான் நெனச்சோம். நடுவுல கல்லு மாட்டியிருந்துச்சு..."
டீச்சர் சொல்லாமல் விட்டது அதுதானா?

ஏப்ரல் 9
யாரை நம்புவது? டீச்சரை நான் நம்பவில்லை. அப்படியானால் சக்கரத்தை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? விடிந்ததும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மதகுக்குப் போனேன். கரைக்கு உள்பக்க வாய்க்காலில் தண்ணீர். உருகிய பனியாக இருக்கலாம்... இல்லையென்றால்? குழாய் வாயருகே ஒரு பிடி உமியைத் தூவினேன். கொஞ்சம் தயங்கிச் சுழன்றது. பிறகு வீட்டுப் பக்கம் நகர்ந்தது. ஆற்றுத் தண்ணீர் உள்ளே வருகிறது. ஐயோ கர்த்தரே.

நான் ஓடிப்போய்ச் சொன்னதும் கொர்னியும் அவர் தம்பியும் இடுப்பளவு குளிர்த் தண்ணீரில் நின்று, மதகின் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே சிக்கியிருந்த வேலிக்கட்டையைக் கொக்கி போட்டு இழுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் தொழுவம், நிலவறை எல்லாம் மூழ்கியிருக்கும். கொர்னி உடை மாற்றிக்கொண்டு லேனாவைத் தோளில் தூக்கினார். "வா, இப்ப மூடியிருக்கான்னு நீயே பாத்துச் சொல்லு."
உமி தூவியது நான்தான். இருந்தாலும் கேட்டது அவள்.

ஏப்ரல் 15
நாலாபுறமும் தண்ணீர். சாலை மூழ்கிவிட்டது. கிரான் டீச்சருக்குப் போன் செய்தேன். சாலை திறந்த அன்றே லேனா வருவாள், ஈஸ்டருக்குப் பிறகும் வருவாள் என்று சொன்னேன். அவள் ஏனென்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மதியம் லேனா கரைமேல் நின்று, "வயல்ல இருந்த முயலெல்லாம் எங்க போச்சு?" என்றாள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று வாய் வரை வந்தது. அதில் சந்தேகமில்லை. ஆனால் அவள் கேட்டது அதுவல்லவே.
"தெரியலடி" என்றேன்.
"அப்ப வாங்கம்மா, தேடலாம்."
கரையின் வடக்கு ஓரச் சேற்றில் சின்னச் சின்னக் கால்தடங்கள். வந்தவையா, போனவையா என்று இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததில் அடுப்பிலிருந்த ரொட்டி கருகிவிட்டது.